வெளியிலிருந்து திறக்காத கேட்

கணபதி ஏரியாவில் எங்கள் இரும்புப் பட்டறைக்கு கேட் செய்யச் சொல்லி யார் வந்தாலும் என் கணவர் ரூபன் முதலில் அளவு எடுக்கமாட்டார். அவர்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார், பிடிக்க வந்த படையைப் போல. "இந்தப் பக்கமா நான் ஏறுனா என்னங்க பண்ணுவீங்க?" என்பார். பயந்துபோய் வேறு பட்டறை தேடியவர்களும் உண்டு.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கோட்டை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சங்ககிரிக்கு பஸ் ஏறிவிடுவார், சில வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு.

"கோட்டை வாசலுக்கு முன்னாடி பாதையை எதுக்கு வளைக்கறாங்க தெரியுமா மெர்சி? நேரா இருந்தா யானை ஓடியாந்து முட்டிப்போடும். வளைச்சுட்டா ஓடி வர எடமில்லை."

கதவில் யானையின் நெற்றி உயரத்துக்கு இரும்பு முள். மேலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஊற்றத் துளை. சாத்திய ஏணியைத் தள்ளிவிடக் கவைக்கோல். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்: "கெட்டிக்காரப் படை கதவோட மல்லுக்கட்டாது. மதிலுக்கு அடியில தோண்டும். கல்லு தானா உக்காந்துக்கும்." வெயிலில் நின்றதற்கு எனக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டுக்கும் அவரே கேட் செய்தார். ஏழடி உயரம், கனத்த தகடு, மேலே வேல்முனைகள். ஆள் உள்ளே இருந்தால் உள்தாழ்ப்பாள். வெளியிலிருந்து கைவிட ஒரு சந்து கிடையாது. மதில்மேல் கண்ணாடிச் சில்லு. பக்கத்து லேத் பட்டறை முகமது ரியாஸிடம் பந்தயம் வேறு.

"வெளியே நின்னு தொறந்துபோடு பாக்கலாம். பிரியாணி என் செலவு."

ரியாஸ் நாலு வருஷம் கம்பி, கயிறு, காந்தம் எல்லாம் போட்டுப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, அந்தப் பிரியாணி இந்நேரம் ஊசிப்போயிருக்கும்" என்பான்.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை, நான் மார்க்கெட்டில் இருந்தபோது போன் வந்தது. "மெர்சி, நெஞ்சை அடைக்குது. வா."

நான் போன் போட்டு வரச்சொன்ன ஆம்புலன்ஸும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். கேட் உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து மதிலேறப் போன ரியாஸ் உள்ளங்கை கிழிந்து கீழே விழுந்தான். எழுந்து கடப்பாரையால் கேட்டைக் குத்தினான். தகட்டில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. அப்போதுதான் எனக்கு அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"கேட்டை விடு ரியாசு! தூணுக்கு அடியில குத்து!"

செங்கல் தூண். ரியாஸும் ஆம்புலன்ஸ் டிரைவரும் மாறி மாறிக் குத்தினார்கள். தூண் சாய்ந்து, கேட் ஒரு பக்கமாகத் தொங்கியது. பதினொரு நிமிடம்.

கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. கேட்டைத் திறக்கத்தான் கிளம்பியிருக்கிறார். கடப்பாரையோடு நின்ற ரியாஸைப் பார்த்து உதடு அசைந்தது. அவன் குனிந்தான்.

"எந்தப் பக்கம்?"

"தூணுங்ண்ணா."

தலையசைத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

பதினொரு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். இன்னொரு டாக்டரிடமும் போய்க் கேட்டேன். அவர் ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தார்.

கொத்தனார் தூணைத் திரும்பக் கட்டியதும் ரியாஸ் கேட்டை மாட்ட வந்தான்.

"தாழ்ப்பாள் அப்படியே இருக்கட்டுங்களாக்கா?"

"அறுத்துப்போடு."

இப்போது யார் தள்ளினாலும் திறக்கிறது. காற்று தள்ளினாலும் திறக்கிறது. சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.