காக்காவின் சைக்கிள் மணி

இன்று காலை அண்ணை பழைய சைக்கிளில் மணியடித்தபடி வந்தார். புத்தளத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பரீதா சட்டென்று எழுந்து வாசல் படலைக்கு ஓடினாள்.

எங்கள் சின்ன வயதில் அப்பா செத்தபோது அவருடைய சைக்கிளை வாங்கியவர், பழைய சாமான் வாங்கி விற்கும் பரீதாவின் வாப்பா. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"உந்தச் சைக்கிளை மயிலிட்டிப் பக்கம் விக்கிறன், தங்கச்சி. இஞ்சை வித்தால் மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளையள் படலைக்கு ஓடுங்கள்," என்று அம்மாவிடம் சொன்னார். செத்தவீட்டுச் சாமானை அவர் அதே ஊரில் விற்றதேயில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டு விரட்டினார்கள். அவர்கள் விட்டுப்போனவை விலைக்கு வந்தபோது, காக்கா ஓடித்திரிந்த சைக்கிளை நாங்களே வாங்கினோம்; அண்ணை இன்றும் ஓடுவது அதைத்தான். அவர் திரும்பி வராமலே புத்தளத்தில் மவுத்தாகி அங்கேயே அடக்கமானார்.

"வாப்பா வாற மாதிரிக் கிடந்துது, அக்கா," என்றாள் பரீதா.

பிள்ளையாரே, காக்கா எங்களுக்கு வரவிடாத நோவை அவருடைய பிள்ளைக்கு நாங்கள் கொடுத்துவிட்டோம்.