பூசாத கார் மீதும் ஊற்றுங்கள்

எங்கள் முதல் காரை எடுக்க மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தோம். பெயின்ட் மங்காமல் காக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிப் பணம் என்று சொல்லி, அதைப் பூசிய ஒரு கார் மேல் விற்பனையாளர் தண்ணீரை ஊற்றினார். முத்து முத்தாக உருண்டோடியது. கேசட் பிளேயருக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

சாயப்பட்டறை வீட்டில் பிறந்த என் மனைவி என் கையைப் பிடித்தாள். “தம்பி, பூசாத புது வண்டி மேலயும் கொஞ்சம் ஊத்துங்க.”

ஊற்றினார். அங்கேயும் அதே முத்துகள்!

“அக்கா, ரெண்டு வருசமா பூச்சு பூசுன அந்த ஒரு வண்டியிலதான் ஊத்திக்கிட்டிருக்கேன்” என்று அவரே அசந்துபோனார்.

“சாயத்துல முக்குன நூலுக்குப் பக்கத்துல முக்காத நூல வச்சுத்தானே எங்கப்பா பாப்பாரு” என்றாள் சாதாரணமாக.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர் நான்! இப்போதெல்லாம் கடையில் எதைச் செய்து காட்டினாலும், பர்சைத் தொடும் முன் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.