வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்

என் ஜோக்கைக் கேட்டு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது சிரிப்புதான் என்று நம்பிய மடையன் நான்.

சிசேரியன் முடிந்து மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்த என் மனைவி சோர்ந்தே கிடந்தாள். உற்சாகப்படுத்துவதாக நினைத்து, அவளுடைய பத்தியச் சாப்பாடு முதல் என் தொப்பை வரை எல்லாவற்றையும் கிண்டலடித்தேன். அவளும் வயிற்றைப் பிடித்தபடி கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குக் குஷி ஏறிவிட்டது.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காதான் அதட்டினார்: "நக்கோ தம்பி, வேணாம், போதும்! சிரிச்சா தையல் இழுக்கும். அவ வலியில அழறா, பாரு."

வாயை மூடினேன். அதன் பிறகும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. வலி தையலில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"எங்க பேச விட்டீங்க?"