காப்பி பறிக்காத கையும் ஒரு கிட்டார் நட்டும்

போன வாரம் சேலத்தில் பல் மருத்துவர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்தபோது எழுந்த பொடி வாடையில், வாயைப் பிளந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏற்காட்டு மலையில், தலைச்சோலை கிராமத்து எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இதே வாடைதான். ஆட்டுக்கால் எலும்பை வேகவைத்துக் காயவைத்து அரம் போட்டுக்கொண்டிருப்பேன்.

"சாமி, ஊட்டுக்குள்ள வெச்சு ராவாத. ஊர் நாயி பூராவும் வாசல்ல நிக்குது" என்பார் அம்மா. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் எலும்பு ராவினால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

எல்லாம் ஒரு பெரிய மனிதரால் வந்தது. ஏற்காட்டு விடுதி ஒன்றில் சனிக்கிழமைதோறும் பாடிய எங்கள் குழுவுக்கு அவர் தலைவர். உச்சி வெயிலிலும் சால்வையைக் கழற்ற மாட்டார். கிட்டார் என்னுடையது. சும்மா மீட்டினால் சுருதி சுத்தமாக இருக்கும். கழுத்தின் மேற்கோடியில் விரல் வைத்தால் ஒரு நூல் ஏறிவிடும்.

"காப்பி பறிச்ச பரம்பரைங்க. கை கம்பிய அமுக்காது, நசுக்கும்" என்று விருந்தினர்களிடம் சொன்னார். என்னிடம், "அடுத்த மாசத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற பையனப் பாத்துக்கறேன்."

விருந்தினர்கள் சிரித்தார்கள். சுருதி எது சூப் எது என்று அவர்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். இத்தனைக்கும் என்னைக் காப்பிச் செடிப் பக்கமே அப்பா விட்டதில்லை.

குற்றம் கையில் இல்லை. கழுத்தின் தலைப்பில் கம்பிகள் படிந்து நிற்கும் எலும்புத் துண்டில், அதாவது நட்டில். எவன் அழுத்தினாலும் கம்பி இறுகத்தான் செய்யும். அதை ஈடுகட்ட, நட்டின் முன்விளிம்பு கம்பிக்குக் கம்பி வேறு அளவில் நீண்டு நிற்க வேண்டும். அந்த மயிரிழை வித்தியாசம் வெறுங்கைக்கு வராது. நட்டைக் கவ்விக்கொண்டு, அரம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ஒரு கட்டை வேண்டும். பட்டறையில் ஜிக் என்பார்கள்.

மேதாவி நான், எஸ்டேட்டில் புதிதாக வெட்டிப் போட்ட சில்வர் ஓக் மரத்தில் அதைச் செய்தேன். பச்சை ஈரம் காயக் காய அது கோணிக்கொள்ள, ராவிய நட்டெல்லாம் நாசம். பிறகு அடுப்புக்கு மேலே அம்மா காயவைத்திருந்த காப்பிக் கட்டையில் செய்தேன். அசையவில்லை.

அந்தச் சனிக்கிழமை விரல் வைத்த இடமெல்லாம் சுத்தம். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நட்ட மாத்திட்டனுங்க" என்று ஜிக்கை எடுத்துக் காட்டினேன். செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது கெடக்குது கண்ணு. நசுக்கறத உட்டுட்டீல்ல? நாஞ் சொன்னா சொன்னதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள், அவருக்கு.

பல்லை அடைத்துக்கொண்டு மலையேறிய அன்று அந்த விடுதியை எட்டிப் பார்த்தேன். குழு எப்போதோ கலைந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்த மேடையில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். தலைவர் மட்டும், அதே சால்வையோடு, செல்போனில் வரும் இசைக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் போன் திரையைப் பெருவிரலால் நசுக்கு நசுக்கென்று நசுக்குகிறார்.

சுருதி ஏறுவதேயில்லை.