சுவிட்ச் இல்லாத விளக்கு

புதிய ஆட்சி வந்தால் முதலில் பெயிண்ட் வரும், அப்புறம் முன்னுரிமைகள் வரும். இந்த முறை இரண்டும் சேர்ந்தே வந்தன. ஊருக்கு வெளியே, வயல்களின் ஓரத்தில் பூட்டிக் கிடந்த பழைய உரக்கிடங்கு உழவர் நல மையம் ஆனபோது, அதன் முன்சுவரில் ஏழு முன்னுரிமைகளையும் பெயிண்டால் எழுதினார்கள். முதலாவது, 'உழவர் வாசலில் அரசு: இரவும் பகலும் விழித்திருக்கும்.' இரண்டாவது, 'மரபு நெல் மீட்பு: விதை இலவசம்.' மற்ற ஐந்தும் சாரல் அடிக்கும் பக்கம் அமைந்துவிட்டதால் முதல் மழையிலேயே மங்கிவிட்டன. அவை என்னவென்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை.

மையத்துக்கு ஓர் அலுவலர் தேவைப்பட்டார். தலைமை அலுவலகத்தில் எல்லோரும் மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் அம்மாள் மட்டும் கையைத் தூக்கினார். வயது நாற்பத்தாறு. வேளாண்மை படித்தவர், படித்து முடித்த நாளிலிருந்து கோப்புகளைத் தவிர வேறு எதையும் விளைவித்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை. நோயில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வருடங்கள் போயின. அப்பா போனதும் வீடு அண்ணன் வீடு ஆயிற்று. போ என்று அண்ணன் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. "எத்தனை நாள் வேணும்னாலும் இரும்மா" என்று இருவரும் அடிக்கடி அன்போடு சொன்னார்கள். நாட்கள் எண்ணப்படுகின்றன என்பது அந்த அன்பிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊர் அவரை 'மையத்தம்மா' என்றது. காலையிலிருந்து மாலைவரை அவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவற்றில் யாரும் வந்து உட்காரவில்லை.

ஊரில் குறைக்குப் பஞ்சம் என்று அர்த்தமில்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு புரோக்கர் இருந்தார். பணம் வாங்கிக்கொண்டு, எந்த மனுவையும் கைப்பேசியிலேயே தட்டிவிடுவார். மையத்தில் அதே வேலை இலவசம். அதனாலேயே சந்தேகம். "சும்மா செஞ்சு குடுக்கறாங்கன்னா அதுல என்னவோ இருக்கு" என்றார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து நின்று மையத்தம்மாவைக் காட்டினார்.

"பாருங்க, இவங்க மையத்துல குறைகள் பூஜ்யம்! உழவர் நலம்னா இது!"

"சார், நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதாம்மா நிர்வாகம்."

முப்பது குறைகளைத் தீர்த்துவிட்டு வந்திருந்த இன்னோர் அலுவலர், அந்த முப்பது குறைகள் ஏன் வந்தன என்பதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மையத்தின் பின்னால் ஒட்டினாற்போல ஓர் அறை, அதுதான் குடியிருப்பு. பகலில் யாரும் வராததைத் தாங்கிக்கொள்ளலாம். இருட்டியபின் யாராவது வந்துவிடுவார்களோ என்பதுதான் மையத்தம்மாவின் பயம். அப்பாவின் அறையில் பதினொரு வருடமாக விளக்கு அணைந்ததில்லை. மாத்திரை எடுக்க, தண்ணீர் கொடுக்க, மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். இருட்டில் தூங்குவது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. 'பாதுகாப்பு கருதி வாசலில் ஒரு பல்பு' என்று மேலே எழுதிப் போட்டார்.

அவர் கேட்டது பல்பு. மேலே யாரோ அந்த விண்ணப்பத்தையும் முதலாவது முன்னுரிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உயரமான கம்பமும், விளையாட்டு மைதானத்துக்குப் போதுமான விளக்கும் வந்து இறங்கின. பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். சுவிட்ச் கிடையாது. இரவும் பகலும் விழித்திருக்கும் அரசுக்குச் சுவிட்ச் எதற்கு? மாலையில் விளக்கெரியும் மையத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் கூடவே வந்தது.

அன்றிலிருந்து மையத்தம்மா கண்ணுக்குமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் ஓரளவு தூங்கினார். காலையில் ஜன்னலைத் திறந்தால் வேலிக்கு அப்பால் நெல் பச்சைப்பசேலென்று நின்றது. பார்க்க நன்றாக இருந்தது. யாரும் வராத இடத்தில் அதுவாவது செழிப்பாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரருக்கும் மையத்துக்கும் நடுவே ஒரு கம்பிவேலி இருந்தது. அதனால் அவர் வேலிக்காரர். ஐம்பது தாண்டியவர். மனைவி இல்லை, மகளைத் தூரத்து நகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். பேச்சு குறைவு. திறப்புவிழா அன்று கொடுத்த இலவச விதையை ஊரிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். "ஓசி விதை முளைக்குமாய்யா?" என்று டீக்கடை அவரை ஒரு வாரம் கிண்டலடித்தது.

ஒரு நாள் உச்சிவேளையில் அவர் மையத்தின் வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வரலாமுங்களா?"

மையத்தம்மா எழுந்தே விட்டார். "வாங்க, வாங்க. உக்காருங்க."

காலியாக இருந்த நான்கு நாற்காலிகளில் எதில் உட்காருவது என்று வேலிக்காரருக்குக் குழப்பம். கடைசியில் உட்காரவில்லை.

"உங்க விதை ஏமாத்திடுச்சும்மா."

"முளைக்கலையா?"

"முளைச்சுது, நல்லாத்தான் வந்துது. வயல் பூரா கதிர் தள்ளிடுச்சு. இந்தப் பக்கத்துல மட்டும் ஒரு கதிர் கிடையாது. மாட்டுக்குப் போடற புல்லு மாதிரி நிக்குது. மூட்டைல எதையோ கலந்துட்டாங்க போல. எழுதிக்கங்க."

மையத்தம்மா பேனாவைத் திறந்தார். முனையில் மை காய்ந்திருந்தது; உதறினார். மேலதிகாரியின் பூஜ்யம் நினைவுக்கு வந்தது. அதைவிட, தன் எதிரே ஒரு மனிதர் நிற்கிறார் என்பது பெரிதாக இருந்தது. "ஒரு தடவை பாத்துட்டு எழுதலாங்களா?" என்றார். அவரை உடனே அனுப்பிவிட மனம் வரவில்லை.

மையத்தம்மா வேலியோரம் போய் நின்று பார்த்தார். வயலின் தூரத்துப் பகுதி மஞ்சளோடத் தொடங்கியிருந்தது. வேலியை ஒட்டி அரைநிலா வடிவில் ஒரு பச்சை. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல விளிம்பு. காம்பஸின் முள் இருக்கவேண்டிய இடத்தில் விளக்குக் கம்பம் நின்றது.

அவருக்குத் தெரியும். கல்லூரித் தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். பழைய ரகங்கள் சில நீண்ட இருட்டைப் பார்த்தால்தான் கதிர் விடும். முன்னுரிமை ஒன்றும் முன்னுரிமை இரண்டும் சுவரில் அடுத்தடுத்து ஒற்றுமையாக இருந்தன. தரையில் சந்தித்துக்கொண்டதும் ஒன்று மற்றதைத் தூங்கவிடவில்லை.

வேலிக்காரருக்கு இது தெரியாது. விதைக் கலப்படம் என்று எழுதிவிட்டால் போதும். கோப்பு விதைப் பிரிவுக்குப் போய், இரண்டு அறுப்பு முடிந்து திரும்பும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தப்பான முகவரிக்குப் போன குறையைப்போலப் பத்திரமான குறை உலகத்தில் இல்லை என்பது கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னம்மா யோசனை? எழுதுங்க."

"விதைமேல தப்பில்லைங்க."

"அப்ப மண்ணா?"

"விளக்கு."

வேலிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இது என்ன பண்ணுச்சு? தேமேன்னு நிக்குது."

"ராத்திரி எரியுதுல்ல. இந்த நெல்லுக்கு நீளமா இருட்டு வேணும், அப்பத்தான் கதிர் வரும். இந்த இடத்துல ராத்திரியே வரல. இன்னும் பொழுது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வளந்துக்கிட்டே இருக்கு."

"யாரு இதை இங்க நடச் சொன்னது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"தனியா இருக்கேன். பயம்."

வேலிக்காரர் திட்டுவார் என்று மையத்தம்மா காத்திருந்தார். வேலிக்காரரோ ஒரு நெல்தாளைப் பிடுங்கி, பிரித்துப் பார்த்து, கீழே போட்டார்.

"அப்ப இத்தனை நாளா நீங்களும் தூங்கல, என் நெல்லும் தூங்கல."

"இன்னிக்கே அணைச்சா கதிர் வரும்ங்க. பிந்தித்தான் வரும். ஆனா இருட்டினப்புறம் இடையில எரியவே கூடாது."

"உங்களுக்கு?"

"நான் பாத்துக்கறேன்."

மையத்தம்மா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "மேடம், அது தானா எரியற லைட்டு. ஆர்டர் இல்லாம கை வெச்சா என் வேலை போயிரும். மனு போடுங்க" என்றார் அவர். அடுத்து மையத்தம்மா மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"மனுவா? அறுவடை முடிஞ்சதும் விருது விழாம்மா! கரை வரைக்கும் வந்த பூஜ்யத்தைக் கவுத்துடாதீங்க. லைட்ட அணைச்சிட்டா படம் எப்படி அனுப்புவீங்க?"

"நெல்லு கதிர் வைக்கல சார்."

"நம்மது உழவர் நலம்மா. நெல்லுக்குத் தனித் துறை இருக்கு."

கம்பத்தின் அடியில் ஒரு பெட்டி, அதற்குள் ஃபியூஸ் கட்டை. ஒயரிங் செய்த கான்ட்ராக்டர் சிக்கனமானவர்; விளக்குக்கும் குடியிருப்புக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். அதைப் பிடுங்கினால் விளக்கோடு அறையின் பல்பும் மின்விசிறியும் சேர்ந்து நிற்கும்.

அன்று மாலை விளக்கு எரிந்ததும் மையத்தம்மா படம் எடுத்தார், அனுப்பினார், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஃபியூஸைப் பிடுங்கினார். அரசு ஐந்து நிமிடம் விழித்திருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கதவையே பார்த்தார், கதவு தெரியாததால் கதவு இருந்த திசையைப் பார்த்தார். அண்ணன் வீடியோவில் வந்தார்.

"என்னம்மா, முகமே தெரியல?"

"கரண்ட் இல்லண்ணே."

"இந்த ஆட்சியிலயுமா!" என்று சிரித்தார் அண்ணன். "பேசாம இங்க வந்துடேன். எத்தனை நாள் வேணும்னாலும் இரு." பின்னாலிருந்து அண்ணியின் குரலும் அதையே சொன்னது.

கைப்பேசியின் வெளிச்சம் போனபின் இருட்டு முன்பைவிடக் கெட்டியாக இருந்தது. வெளியே ஏதோ சரசரத்தது. கையை நீட்டினால் கையுறை தட்டுப்பட்டது. ஃபியூஸ் கட்டையும் பக்கத்தில்தான் இருந்தது. நான்கு எட்டு நடந்து சொருகிவிட்டால் தீர்ந்தது. எழுந்துவிட்டார்.

"யம்மா... இருக்கீங்களா?"

வேலிக்கு அப்பாலிருந்து குரல்.

"இருக்கேங்க!"

"சரி."

அவ்வளவுதான். காலடிச் சத்தம் மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிற்று. மையத்தம்மா மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாளும் ஃபியூஸைச் சொருகி, படம் அனுப்பி, பிடுங்கினார்; இருட்டியதும் அதே குரல், அதே கேள்வி. அதற்கு அடுத்த நாளும். அந்த நேரத்தில் வயலில் அவருக்கு என்ன வேலை என்று மையத்தம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் கேள்வியோடு ஒரு செய்தியும் வந்தது.

"தொண்டைக்கதிர் வந்துடுச்சும்மா. நாலஞ்சு நாள்ல வெளிய தலையை நீட்டிரும்."

"நிஜமாவா?"

"தொட்டுப் பாத்தேன். உருண்டையா இருக்கு. சரி, தூங்குங்க."

அன்றைக்கு அவர் தூங்கினார். துண்டு இல்லாமல்.

அறுவடை இயந்திரம் வந்து மற்ற இடத்தை வழித்துக்கொண்டு போனது. அரைநிலா மட்டும், முடிவெட்டும்போது பாதியில் கரண்ட் போன தலைபோல வயலில் நின்றது. டீக்கடைக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. அந்த மிச்சமும் முற்றியபோது இயந்திரத்தை மறுபடி கூப்பிடக் கட்டுப்படியாகாது என்று வேலிக்காரரே அரிவாளோடு குனிந்து அறுத்தார். பதர் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் நெல் நெல்தான்.

கட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு வேலியருகே வந்தார்.

"இப்பவாவது மனுவை எழுதிக்கட்டுங்களா?" என்றார் மையத்தம்மா. அது தன்னுடைய மையத்தில் தீர்ந்த ஒரே குறை. எங்காவது பதிவாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"குறைதான் தீந்துடுச்சே. தீந்ததுக்கு எதுக்கு மனு?"

மையத்தம்மா திறந்த பேனாவை மூடிக்கொண்டார்.

"மக வீட்டுக்குப் போறேன். அடுத்த விதைப்புக்குத்தான் வருவேன்" என்றார் அவர். "லைட்ட நல்லாப் போட்டுக்குங்க. இனி இங்க தூங்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

விழாவில், ஒரு குறைகூடப் பதிவாகாத மையம் என்று அறிவித்து மையத்தம்மாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். இருட்டில் உட்கார்ந்து அவர் செய்த ஒரே வேலை எந்தப் பதிவிலும் இல்லாததால், ஒன்றும் செய்யாததற்கான விருது அவருக்கே முறையாகப் போய்ச் சேர்ந்தது. கேடயத்தோடு பரிசும் உண்டு: மையத்தின் பின்பக்கத்துக்கு இன்னொரு விளக்கு.

"இரண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார் மேலதிகாரி.

"இன்னொரு விளக்கு வேண்டாங்க சார். இருக்கற விளக்குக்கு ஒரு சுவிட்ச் போட்டுக் குடுங்க."

அரங்கம் சிரித்தது, பிறகு கைதட்டியது. மேடையில் இருந்த ஒருவர் "சிக்கனம்!" என்று பாராட்டினார். சுவிட்ச் வந்தது, எலக்ட்ரீஷியன் ஆர்டரோடு வந்து, குடியிருப்புக்குத் தனி ஃபியூஸும் போட்டுக்கொடுத்தார். ஆணை பிறந்துவிட்டதால் இரண்டாவது விளக்கும் வந்தது. அது அட்டைப்பெட்டி பிரிக்காமல், அந்த நான்கு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக நின்றது.

சுவிட்ச் போட்ட அன்று மாலை மையத்தம்மா விளக்கை எரியவிட்டார். படம் அனுப்பினார். வெளிச்சம் வேலியைத் தாண்டி அறுத்த தாளின்மேல் விழுந்தது. பயிர் இல்லை, ஆளும் இல்லை. விடியும்வரை எரிந்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அணைத்தார். அறையில் பல்பு இருந்தது, அதையும் போடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, வழக்கமான நேரம்வரை காத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்தார்.