சும்மா திருகிய சாவி

பாளையங்கோட்டைச் சந்தையில், பழைய இரும்புக்கடைத் தராசில், ஆணிகளோடு ஆணியாகக் கிடந்தது அந்த வாட்ச். கண்ணாடியில் கீறல், டயலில் டீக்கறை. அப்போது எனக்கு முப்பது வயது. ஆபீஸ் விட்டு வந்தால் செத்த வாட்சுகளை ஓடவைப்பதுதான் என் கிறுக்கு. பிஸ்கட் டப்பாவில் ஏழு வைத்திருந்தேன். இது எட்டாவது.

சக்கரம் சக்கரமாகக் கழற்றி பெட்ரோலில் கழுவினேன். உள்ளே ஊசலாடும் சின்னச் சக்கரத்தின் அச்சு ஒடிந்திருந்தது. அதற்காக ஆறு மாதம் அலைந்தேன். டவுனில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி கண்ணில் மாட்டிய லென்ஸைக்கூட எடுக்காமல் கேட்பார்: "ஏம்மா, வீட்ல உள்ளி உரிக்க ஆளில்லையா?"

"நீங்க வந்து உரிங்க அண்ணாச்சி, லென்சு இருக்குல்லா."

கடைசியில் அவர்தான் ஓடாத வாட்ச் ஒன்றிலிருந்து அச்சைக் கழற்றித் தந்தார்.

ஓடியது. விநாடி முள் நழுவியது, மதகில் தண்ணீர் நழுவுகிற மாதிரி. என் கணவர் கையில் கட்டிவிட்டேன். தினமும் சாவி கொடுக்கணும், மறக்கக் கூடாது என்றேன். அவர் வள்ளியூரில் வாத்தியார். காலையில் பஸ்சுக்குக் கிளம்புமுன் அடுப்படி வாசலில் வந்து நின்று, நான் பார்க்கப் பத்துத் திருகு திருகுவார். நான் அதைத் தொட்டதில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பார்ப்பது அழகா?

மறு வருஷம் ஆடியில் ஒரு ஞாயிறு, பாபநாசத்தில் ஆற்றில் இறங்குமுன் கழற்றி என்னிடம் தந்தார். உள்ளங்கையில் எடையே இல்லை. முள்ளைப் பார்த்தேன். குதித்தது. நின்றது. குதித்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னிக்குச் சாவி குடுத்தீயளா?"

"ஏளா, நீதான பாத்துக்கிட்டு நின்ன?"

"இது பேட்டரி மிஷின்."

துவட்டிய கை நின்றது. "தினம் நாலு நிமிசம் பிந்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மட்டம் பஸ்ஸ விட்டுட்டேன். சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு, வள்ளியூர்லயே ஒரு கடையில மிஷின மாத்திட்டேன்."

"எப்போ?"

"தை மாசம்."

"அன்னையிலேருந்து தினமும் எதத் திருகுனீய?"

"சும்மாதான். ஒனக்குச் சந்தோசமா இருக்கட்டுமேன்னு."

"என் மிஷின் எங்க?"

"கடைக்காரன் எடுத்துக்கிட்டான். குப்பையிலதான் போடுதேன்னான்."

நாலு நிமிடம். ஊசிமுனையால் உள்ளே ஒரு கம்பியை மயிரிழை தள்ளினால் தீர்ந்துவிடும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சாயங்காலமே தள்ளியிருப்பேன்.

திரும்பும் பஸ்சில், அம்பாசமுத்திரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குழந்தைத் தூக்கம். எனக்குக் கண் மூடவில்லை. அவர் சொன்னது, செய்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மீன் குழம்பு இன்னிக்கு ரொம்ப அருமை என்றது. ஒங்கப்பா இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போகட்டும் என்றது. நான் வாசித்துக் காட்டிய கவிதைக்கு ஒரு முறை கண் கலங்கியது.

சேரன்மகாதேவி வரைக்கும் அந்தக் கவிதையையே யோசித்துக்கொண்டு வந்தேன். அது தைக்கு முன்னாலா, பின்னாலா?