சிமிட்டாமல் நின்ற சிவப்பு விளக்கு

சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. என் மதினி சரிசெய்த முதல் பவர் போர்டு அது. நான் மெக்கானிக்காக இருந்த பேட்டை டிவி பட்டறையில்தான் மதினியும் வேலை பார்த்தார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், ஆனால் ஒரு வருஷமாகக் கவுண்டரில் ரசீதுதான் எழுதினார். மெக்கானிக் வேலை கேட்டுக் கேட்டு நச்சரித்ததில் பட்டறை முதலாளி அண்ணாச்சி இறங்கிவந்தார். சனிக்கிழமைக்குள் இந்த போர்டு ஓடினால் மெக்கானிக் மேசை, இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த போர்டு செய்கிற வேலை எனக்கு இன்றும் அதிசயம்தான். வீட்டுக் கரண்டை நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கும். முந்நூறு வோல்ட்டுக்கு மேல், கை பட்டால் தூக்கி எறியும். அதை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, துண்டு துண்டாக டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் அத்தனை சிறியதாக இருக்க முடிகிறது. மறுபக்கம் பன்னிரண்டு வோல்ட்டாக வெளியே வரும். அங்கே குறைந்தால் உடனே தகவல் திரும்பி வந்து திறப்பு நேரம் கூடும், அதிகமானால் குறையும். வயலைப் பார்த்து மடையைத் திறந்து அடைப்பது மாதிரி. வரத்தே போதாவிட்டால் எழும்பப் பார்க்கும், விழும், மறுபடி எழும்பும். அதுதான் அந்தச் சிமிட்டல்.

மதினி டிரான்சிஸ்டரை மாற்றினார், ஐ.சி.யை மாற்றினார், கெபாசிட்டர்களையும் மாற்றினார். சிமிட்டல் நிற்கவில்லை. போர்டு செத்துவிட்டது என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். மதினி போர்டை விட்டுவிட்டு, மேசைக்கு மேலே தொங்கிய பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"போர்டுல ஒண்ணுமில்ல. தம்பி, இந்தப் பல்ப யாரு மாத்துனா?"

நான்தான். ரிப்பேரான போர்டை நேரடியாகக் கரண்டில் சொருக மாட்டோம். இடையில் ஒரு குண்டு பல்பை மாட்டுவோம். ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து போர்டைக் காப்பாற்றும். முந்தின வாரம் அது ஃபியூஸ் போனதும், பல்புதானே என்று எல்.இ.டி. பல்பை மாட்டியிருந்தேன். அதற்குள்ளும் இதேபோல் ஒரு குட்டி பவர் போர்டு உண்டு. அது சொட்டுச் சொட்டாகத்தான் கரண்டை விடும். எந்த டிவியும் அதில் எழும்பாது.

குண்டு பல்பு கடைகளில் இல்லை. பக்கத்து வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காக மாட்டியிருந்ததை, வெயில் நேரம்தானே என்று சொல்லி வாங்கிவந்தார் மதினி. மாட்டினார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. ரிமோட்டை அழுத்தியதும் திரையில் யாரோ சுடச்சுட முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் கைதட்டிவிட்டேன்.

மதினி அதோடு விடவில்லை. அந்த வாரம் நான் கழித்துப்போட்ட ஆறு போர்டுகளையும் எடுத்து வரச் சொன்னார். நான்கு உயிர்பெற்றன. என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது; ஆனாலும் அப்படியொரு சந்தோஷம் எனக்கு அந்தப் பட்டறையில் அதற்கு முன் வாய்த்ததில்லை.

இன்று பாளையங்கோட்டையில் மதினிக்குச் சொந்தப் பட்டறை. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஆனால் அவர் ஜெயித்தது அன்றைக்குத்தான். அண்ணாச்சி திரும்பி வந்து, ஓடுகிற போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது நாங்குநேரியிலிருந்து ஒருவர், தன் டிவி இனி தேறுமா என்று கேட்டுப் போன் செய்தார். அண்ணாச்சி என்னைத் தாண்டிப்போய் மதினியிடம் போனை நீட்டினார்.

"மெக்கானிக் இங்கனதான் இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க."